புரை முத்தக் காத்திருக்க வேண்டாம்

சாத்தூர், சிவகாசி, இருக்கன்குடிப் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வருகிறது. “புரை இன்னும் முத்தலையாம். முத்துனப்புறம் பாத்துக்கிடுவோம்.” இதை யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே சொன்னதுதான். அந்தக் காலம் போய் வெகுநாளாகிவிட்டது. பேச்சு மட்டும் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்தப் பேச்சுக்கு ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டோம். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

அன்றைக்கு அது ஏன் சரியாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதெல்லாம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுசாக வெளியே எடுத்துவிடுவார்கள். எடுத்த இடத்தில் வைப்பதற்கு ஒன்றும் கிடையாது. கண் கிட்டத்தட்டத் தெரியாமல் போன பிறகு செய்தால்தான் அந்த ஆபரேஷனால் லாபம். என் அம்மாச்சிக்கு ஒரு முகாமில் அப்படித்தான் செய்தார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக்கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். அப்புறம் வந்தது சோடாபுட்டிக் கண்ணாடி. அது எதையும் கால் பங்கு பெரிதாக்கிக் காட்டும். பெரிதாகத் தெரிவது பக்கத்திலும் தெரியும். அதனால் டம்ளரை எடுக்க நீட்டிய அம்மாச்சியின் கை டம்ளருக்கு முன்னாலேயே நின்றுவிடும். பக்கவாட்டில் யார் வந்தாலும் தெரியாது. வாசல்படியில் காலை வைக்கும் முன் ஒவ்வொரு தடவையும் நின்று தடவிப் பார்ப்பார். சாகும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை.

கண்ணுக்குள்ளேயே ஒரு செயற்கை லென்ஸை வைக்கலாம் என்று முதலில் துணிந்தவர் லண்டனைச் சேர்ந்த ஹெரால்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள், விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் தங்கிப்போயிருந்தன. கண் அவற்றைப் பகையாக நினைக்காமல் சும்மா விட்டிருந்ததை அவர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949 நவம்பரில் ஒரு நோயாளிக்கு வைத்தார். கூட இருந்த மருத்துவர்கள் பலர் வெகுகாலம் அவரை ஏற்கவில்லை. எல்லோரும் ஏற்றுக்கொண்ட பிறகும் அந்த லென்ஸ் நம் ஊர் ஏழைக்கு எட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஒன்றே 100 டாலரைத் தொடும்.

அதை எட்ட வைத்தவர் நம் கரிசல் மண்ணுக்காரர். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918ல் விவசாயி வீட்டில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற கையோடு 1976ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். பணம் கட்டக்கூடியவர்கள் கட்டுவதைக் கொண்டு கட்ட முடியாதவர்களுக்கும் அதே ஆபரேஷன் என்பதுதான் கணக்கு. 1992ல் மதுரையிலேயே லென்ஸ் செய்யும் ஆரோலேப் வந்தது. 10 டாலர் அளவுக்கு விலை இறங்கியது. இன்று முகாமிலிருந்து பஸ் ஏறிப் போகிற கிழவிக்கும் கண்ணுக்குள் லென்ஸ் கிடைக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இருப்பது அந்த விலைக் குறைப்பு. அவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கருணையைச் சொல்வார்கள். நான் கணக்கைத்தான் முதலில் சொல்வேன். கருணை நம் ஊரில் எப்போதும் இருந்தது. லென்ஸ்தான் இல்லாமல் இருந்தது.

லென்ஸ் வந்ததும் ‘முத்தட்டும்’ என்ற பழைய நியாயம் தலைகீழாகிவிட்டது. இப்போது உறையை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் புரையை மட்டும் எடுக்கிறார்கள். 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக ஊசி போன்ற கருவியை விட்டு, அதன் அதிர்வில் புரையைக் கரைத்து உறிஞ்சிவிடுகிறார்கள். புரை முற்ற முற்றக் கல்லாகும். கல்லானதைக் கரைக்க அதிர்வும் நேரமும் கூடும். சிலருக்குக் கொஞ்சம் பெரிய துளையாகப் போட்டு முழுசாக எடுக்க வேண்டி வரும். அதிலும் பார்வை நன்றாகவே வரும், பயமில்லை. ஆனால் ஓரளவுக்கு மேல் விட்டுவைத்தால் புரை ஊதிப் பெருத்து, கண்ணுக்குள் நீர் வடியும் வழியையே அடைத்துவிடும். என் சின்னம்மாவுக்கு நடந்தது அதுதான்.

சின்னம்மா பட்டாசு ஆலையில் சரம் பின்னியவர். 2018ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போடும்வரை அதுதான் வேலை. ஒற்றை வெடியை எடுத்து, திரியைத் திருப்பி, நூலில் மாட்டி இழுக்கிற வேலை. பாதிப் பார்வை போன பிறகும் விரலே பார்த்துக்கொண்டது. முதலாளி கவனிக்கவில்லை, வீட்டிலும் கவனிக்கவில்லை. திரி நுனி தெரியாமல் ஒருநாள் இரண்டு கட்டு வீணான பிறகுதான் வாயைத் திறந்தார். டாக்டரிடம் போகலாம் என்றபோது பக்கத்து வீட்டில், “எதுக்கு அவசரம்? முத்தாம எடுத்தா திரும்ப வளந்துருமாம்ல” என்றார்கள். எடுத்த புரை திரும்ப வளராது. சிலருக்கு லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உறை பிற்காலத்தில் மங்கும். லேசர் வைத்து உட்கார்ந்த இடத்திலேயே சரி செய்துவிடலாம். இது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் கழித்து ஒரு ராத்திரி, பாதித் தலை பிளக்கிற மாதிரி வலி. கூடவே வாந்தி. பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். மறுநாள் கண் சிவந்து, கருமணி புகைபிடித்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் கழித்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருந்தது. புரையை எடுத்தார்கள், வலி நின்றது. வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பது மட்டும் அந்தக் கண்ணுக்குத் தெரிகிறது. கண்வலியோடு தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அதைப் பித்தம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலைச் சொல்லாமல் இந்த ஊர்க் கண்களைப் பற்றி எழுத முடியாது. அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் இருக்கிறாள் அம்மன். கண் நோய் கண்டவர்கள் கோயில் மண்டபத்தில் தங்கி வயனம் காப்பதும், அம்மன் தீர்த்தத்தைக் கண்ணில் விட்டுக்கொள்வதும், குணமானதும் கண்மலர் வாங்கிச் செலுத்துவதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. சின்னம்மாவும் வயனம் இருந்தார். அந்த நாட்களில் அவருக்குக் கிடைத்த தைரியத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தத் தைரியத்தில்தான் பிறகு ஆஸ்பத்திரிப் படியேறினார். ஆனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். ஆபரேஷன் ஆன கண்ணில், காயம் ஆறும்வரை தீர்த்தம் உட்பட எந்தத் தண்ணீரும் படக்கூடாது. கிருமி உள்ளே போனால் கண்ணே போய்விடும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை தீர்த்தத்தை வாயில் விட்டுக்கொள்ளலாம். அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

பயத்தால் மட்டும் யாரும் தள்ளிப்போடுவதில்லை. மதுரை வட்டாரக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1999ல் வெளியானது. கண்ணில் கோளாறு இருந்தும் முகாமுக்கு வந்தவர்கள் 7 சதவீதம்தான் என்று அதில் தெரிந்தது. இலவச முகாமுக்கே இந்தக் கதி. கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும், ஆட்டைப் பார்க்க ஆளில்லை, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட ஆளில்லை. வீட்டில் இரண்டு பேருக்குக் கண் மங்கினால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவது தாத்தாதான். பாட்டி அடுப்படியில் விரலாலேயே சமாளித்துக்கொண்டிருப்பார். இதை நான் பார்த்த வீடுகளை வைத்துச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு தடவை பாருங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் இந்தப் பக்கத்துக்கென்றே சொல்ல வேண்டும். பட்டாசு வெடித்துக் கண்ணில் அடிபட்டால், இள வயதிலேயே புரை வரும். சில நேரம் அடிபட்டு வருஷக்கணக்கில் கழித்தும் வரும். ஆகவே காயம் ஆறிவிட்டது என்று விட்டுவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்தது, கண் சிவந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு இருந்து, மாதக்கணக்கில் போட்டால் அதுவே புரையைக் கொண்டுவரும்.

சின்னம்மாவுக்கு ஆனதைப் பார்த்திருந்ததால் என் விஷயத்தில் நான் காத்திருக்கவில்லை. சாத்தூர் நான்குவழிச் சாலையில் ராத்திரி எதிரே வரும் லாரி வெளிச்சம் பூப்பூவாகச் சிதற ஆரம்பித்ததும் போய்க் காட்டினேன். வலது கண்ணில் புரை, ஆரம்பத்தைத் தாண்டிய நிலை. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்தார்கள். கண்ணோரத்தில் மெல்லிய ஊசியால் தண்ணீர் விட்டார்கள். தொண்டையில் உப்புக் கரித்தது. கண்ணீர்க் குழாயில் அடைப்பும் சீழும் இல்லை என்று உறுதிசெய்ய அது. கண்ணின் நீளத்தை அளந்து அதற்கேற்ற பவரில் லென்ஸ் எடுத்து வைத்தார்கள்.

ஆபரேஷன் மேஜையில் முகத்தை மூடிய பச்சைத் துணியில் கண்ணுக்கு மட்டும் ஒரு ஓட்டை. மரத்துப்போக மருந்து போட்டிருந்ததால் வலி இல்லை. அழுத்துகிற உணர்வு மட்டும் இருந்தது. மேலே மூன்று வெளிச்சங்கள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அவை தண்ணீருக்கு அடியில் இருந்து பார்ப்பதுபோல் கரைந்து, இளம் ஊதாவாக மாறின. மிஷின் சுருதி ஏறி இறங்கியது. “லென்ஸ் வைக்கிறேன், அசையாதீங்க” என்றார் டாக்டர். மடித்து உள்ளே அனுப்பிய லென்ஸ் விரிந்தபோது வெளிச்சங்கள் நடுங்கி, ஓரம் தெரிய நின்றன. ஒரு சினிமாப் பாட்டு நேரம்கூட ஆகியிருக்காது என்றுதான் தோன்றியது. உண்மையில் அதைவிடக் கூடுதலாக ஆகியிருக்க வேண்டும்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் என்னை உலுக்கியது வெள்ளை நிறம். நர்ஸம்மாவின் சேலை பளீரென்று நீலம் கலந்த வெள்ளையாக இருந்தது. இடது கண்ணால் பார்த்தால் அதே சேலை பழைய வேட்டி மாதிரி மஞ்சளடித்திருந்தது. வயதாக ஆக லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை வடிகட்டிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. தூரப் பார்வை கண்ணாடி இல்லாமலே துல்லியமாக இருக்கிறது. படிக்கக் கண்ணாடி வேண்டும். வைத்தது ஒரே தூரத்துக்கான லென்ஸ். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்கள்தான் பிறகு ஆபரேஷன் சரியில்லை என்று குறைப்படுகிறார்கள்.

கஷ்டம் பிறகு வரும் சொட்டு மருந்தில்தான். ஒரு நாளைக்கு ஆறு தடவையில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை இழுத்து, பாட்டில் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இதைப் போட்டுவிட ஆள் இல்லாததுதான் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பெரிய பாடு. எனக்குச் சின்னம்மா போட்டுவிட்டார். அவருடைய இன்னொரு கண்ணுக்குப் போன வருஷமே, புரை முற்றும் முன்பே, ஆபரேஷன் முடிந்துவிட்டது. சரம் பின்னிய விரல்கள் இமையை இழுத்துப் பிடிக்கையில் துளி நடுங்கவில்லை. என் இடது கண்ணுக்குப் புரட்டாசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். துணைக்கு வருவதும் அவர்தான். பக்கத்து வீட்டு அம்மாவையும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.