மிட்டாயை ஒளித்து வைத்தால் என்ன ஆகும், தெரியுமா?

நாலு வயசுப் பிள்ளையின் முன்னால் தின்பண்டம். "நான் திரும்பி வர்ற வரைக்கும் பொறுத்திருந்தா இதைவிட நல்லது கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சியாளர் வெளியே போய்விடுகிறார். பிள்ளை எவ்வளவு நேரம் தாங்கும்? பண்டம் கண்ணெதிரே இருந்தால் சராசரியாக ஒரே நிமிடம்! கண்ணில் படாமல் மறைத்து வைத்தால்? 11 நிமிடத்துக்கும் மேல்!

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷெல் நடத்திய சோதனை இது. முடிவுகள் 1970-இல் வெளிவந்தன. மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற மிட்டாயின் பெயரால் உலகம் இதை 'மார்ஷ்மெல்லோ சோதனை' என்று கொண்டாடியது. வேடிக்கை என்னவென்றால், பரிசு கண்ணெதிரே இருந்தால்தான் பிள்ளைகள் பொறுப்பார்கள் என்று அவரே நினைத்திருந்தார். நடந்ததோ நேர்மாறு!

கற்பனைக்கும் இதில் பங்கு உண்டு, தெரியுமா? மார்ஷ்மெல்லோவை மேகமாக நினைத்துக்கொள், அதைச் சுற்றி ஒரு படச்சட்டம் இருப்பதாக நினைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தபோது, தவித்த வாண்டுகள்கூட அசையாமல் உட்கார்ந்தன. படத்தை யார் தின்பார்கள்? இவ்வளவும் கண்டுபிடித்த மிஷெல் ஒரு காலத்தில் நாளுக்கு மூன்று பாக்கெட் சிகரெட் ஊதித் தள்ளியவர் என்பது இன்னொரு ஆச்சரியம். பிறகு விட்டுவிட்டார்!

காத்திருப்பது மனிதக் குட்டிக்கு மட்டுமே வாய்த்த திறமையா? இல்லவே இல்லை. 2021-இல் வெளியான ஆய்வில், பிடித்தமான உயிருள்ள இறாலுக்காகக் கணவாய்கள் 130 நொடி வரை காத்திருந்தன!

இனி வருவதுதான் பெற்றோர் தூக்கத்தைக் கெடுக்கும் சேதி. 2013-இல் வெளியான ரோச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு அது. வரைய உட்கார்ந்த பிள்ளைகளிடம் பழைய கிரேயான்களைக் கொடுத்து, "கொஞ்சம் பொறு, நல்ல சாமான் கொண்டு வர்றேன்" என்றார்கள். ஒரு பாதிப் பிள்ளைகளுக்கு வந்தது. மறுபாதிக்கு, "மன்னிச்சுக்கோ, இல்லையாம்" என்ற பதில்தான் வந்தது. அடுத்து ஸ்டிக்கர், அதிலும் இதே கதை. அதன் பிறகுதான் மார்ஷ்மெல்லோவையே காட்டினார்கள். சொன்னபடி கிடைத்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள்? மூன்றே நிமிடம்! 15 நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் முதல் அணியில் 14 பேரில் 9 பேர்; இரண்டாவதில் ஒரே ஒருத்தர். அந்தப் பிள்ளைகளை அவசரக் குடுக்கை என்று எப்படித் திட்டுவது? கணக்குப் போட்டுத்தானே தின்றிருக்கிறார்கள்! "நாளைக்கு வாங்கித் தர்றேன்" என்று கடைவாசலில் வாய் கூசாமல் சொல்லும் நமக்கல்லவா பொறுமைப் பாடம் தேவை.

காத்திருந்த பிள்ளை பிற்காலத்தில் படிப்பில் கொடிகட்டிப் பறக்கும் என்றொரு நம்பிக்கையும் பரவியது. 900-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து 2018-இல் வெளியான ஆய்வு அதில் பெரும்பகுதிக் காற்றைப் பிடுங்கிவிட்டது. குடும்பச் சூழலையும் கணக்கில் சேர்த்ததும் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கியது.

கடைசியாக ஜப்பான்! எல்லோருக்கும் பரிமாறிய பிறகே உண்ணும் வழக்கம் அங்கே குழந்தையிலிருந்தே பழக்கப்படுகிறது. 2022-இல் வெளிவந்த ஆய்வில் அந்தப் பிள்ளைகள் தின்பண்டத்துக்கு வெகுநேரம் காத்திருந்தார்கள். காகிதம் சுற்றிய பரிசுப் பொட்டலத்தைக் காட்டியதும் பொறுமை பறந்துவிட்டது! அமெரிக்கப் பிள்ளைகளோ பண்டத்தைச் சீக்கிரமே தின்றுவிட்டு, பொட்டலத்தை மட்டும் தொடாமல் நெடுநேரம் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் மரத்தடியில் பரிசைப் பிரிக்காமல் காத்திருந்து வருஷா வருஷம் வாங்கிய பயிற்சி!