பேனரைக் கழற்றிய பிறகுதான் வேலை: மொரப்பூர் வட்டாரத்துக்குச் சேவைச் சங்கம் எப்படிப் பயன்படும்?

இலவசக் கண் சிகிச்சை முகாம், ரத்த தான முகாம், மரக்கன்று நடும் விழா, அரசுப் பள்ளிக்கு நாற்காலி வழங்கல் என்று மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி ஒரு தலைப்பு கண்ணில் படும். மூன்று பத்திச் செய்தி, பேனருக்கு முன்னால் நிற்கும் குழுப் படம், அதோடு முடிந்துவிடும். கண்ணில் புரை இருக்கிறது என்று அன்று சொல்லப்பட்ட பாட்டிக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததா, நட்ட கன்று அடுத்த சித்திரை வெயிலைத் தாண்டியதா என்ற அடுத்த செய்தி வருவதே இல்லை. ஒரு சேவைச் சங்கம் ஊருக்குப் பயன்பட்டதா என்பதை அந்த அடுத்த செய்திதான் சொல்லும். இந்தச் சங்கங்கள் எப்படி இயங்குகின்றன, வரும் மாதங்களில் அவற்றிடம் எதை எதிர்பார்க்கலாம், தருமபுரி மாவட்டத்து மொரப்பூர் போன்ற ஊர் அவற்றிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று பார்ப்போம்.

ஜூலையில் பிறக்கும் ஆண்டு

ரோட்டரி சங்கம், அரிமா சங்கம் எனப்படும் லயன்ஸ் சங்கம் இரண்டுக்குமே ஆண்டுக்கணக்கு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. ஜூலை, ஆகஸ்டில் கல்யாண மண்டபங்களில் வரிசையாகப் பதவியேற்பு விழாக்கள் நடப்பது இதனால்தான். தலைவர் பதவி ஓராண்டுக்கு மட்டும். புதிதாகச் சங்கம் தொடங்க 20 உறுப்பினர்கள் வேண்டும். பல சங்கங்கள் சேர்ந்தது ஒரு ‘மாவட்டம்’. அதற்குத் தலைமை ஆளுநர். இந்த மாவட்டத்துக்கும் வருவாய்த் துறை மாவட்டத்துக்கும் எல்லை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

வழக்கறிஞர் பால் ஹாரிஸ் 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் மூன்று நண்பர்களுடன் கூடியதே ரோட்டரியின் தொடக்கம். இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கம் 1920-ல் கல்கத்தாவில் அமைந்தது. சென்னைக்கு அது வந்தது 1929-ல். லயன்ஸ் அமைப்பும் சிகாகோவில் பிறந்ததுதான். காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் 1917-ல் தொடங்கினார். இந்தியாவுக்கு அது 1956-ல் வந்தது. 1925-ல் ஓஹாயோவில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்காகப் பாடுபடும்படி வேண்டிக்கொண்டார். கண் முகாம் என்றதும் அரிமா சங்கம் நினைவுக்கு வருவதற்கு அந்த வேண்டுகோளே வேர்.

ஓராண்டுப் பதவியில் ஒரு நன்மை உண்டு. சங்கம் ஒருவர் கையிலேயே தேங்கிப்போகாது. கெடுதலும் அதில்தான் இருக்கிறது. புதிய தலைவர் தன் பெயரில் புதிய திட்டம் தொடங்கவே விரும்புவார். போன ஆண்டுத் திட்டத்தைப் பராமரிப்பதில் மாலை மரியாதை கிடைப்பதில்லை. விதைத்தவர் அறுவடைக்கு முன்பே குத்தகை முடிந்து போய்விடும் நிலம் போல ஆகிவிடுகிறது பல நல்ல வேலைகளின் கதி.

பணம் எங்கிருந்து வருகிறது?

சங்கத்தை நடத்துவது உறுப்பினர் சந்தா. ஊருக்குள் நடக்கும் சிறு முகாம்களின் செலவைப் பெரும்பாலும் உறுப்பினர்களும் உள்ளூர்க் கடைக்காரர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். பெரிய வேலைகளுக்கு உலக அளவிலான அறக்கட்டளைகள் இருக்கின்றன. ரோட்டரி அறக்கட்டளை 1917-லும், லயன்ஸ் அறக்கட்டளை 1968-லும் தொடங்கப்பட்டவை. ரோட்டரி அறக்கட்டளையின் ஆண்டு நிதிக்கு உறுப்பினர்கள் கொடுப்பதில் ஒரு பங்கு, மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களுடைய மாவட்டத்துக்கே திட்டச் செலவுக்காகத் திரும்பி வருகிறது. ‘குளோபல் கிராண்ட்’ என்னும் உதவிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள திட்டம் வேண்டும். 25 லட்ச ரூபாய்க்கு மேல். வேறொரு நாட்டுச் சங்கமும் கூட்டுச் சேர வேண்டும்.

ஆகவே, அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸ் கருவி, பள்ளிக்குக் கழிப்பறை போன்றவற்றைக் கேட்டு ஒரு சங்கத்தை அணுகுவது வீண் ஆசை இல்லை. ஆனால் இன்று கேட்டு அடுத்த மாதம் கிடைக்காது. தேவையை எழுத்தில் கொடுத்து, பராமரிப்பை யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே சொல்லும் ஊருக்குத்தான் அது கைகூடும்.

கண் முகாம்: மேடைக்குப் பின்னால்

இந்தச் சங்கங்களின் வேலையில் மிகச் சிறப்பாகச் செதுக்கப்பட்டது கண் முகாம்தான். அதைச் செதுக்கியதில் மதுரைக்குப் பெரும் பங்கு உண்டு. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம் வேலையை இரண்டாகப் பிரித்தது. மருத்துவர்கள், கருவிகள், அறுவைச் சிகிச்சை எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. இடம், துண்டறிக்கை, ஆட்டோ விளம்பரம், தண்ணீர், சாப்பாடு, கூட்டத்தை வரிசைப்படுத்துவது ஆகியவை உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. அந்த உள்ளூர் அமைப்பு பல ஊர்களில் ஒரு ரோட்டரியாகவோ அரிமா சங்கமாகவோ இருக்கும். 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்துகாட்டிய பிறகு, இலவச அறுவைச் சிகிச்சையிலும் லென்ஸ் வைப்பது வழக்கமாயிற்று. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டமும் 1976-ல் தொடங்கியதே. அதன் மாவட்டச் சங்கத்தின் பெயரை முகாம் துண்டறிக்கைகளில் பார்க்கலாம்.

முகாமில் முதலில் பார்வை அளவு, பிறகு கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று வரிசையாகப் பார்ப்பார்கள். புரை முற்றியவர்களை அன்று மாலையே மருத்துவமனைப் பேருந்தில் அழைத்துப் போவதுண்டு. அறுவைச் சிகிச்சை முடிந்து ஓரிரு நாளில் மறுபடி ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். அதனால் முகாமுக்குப் போகும்போது மாற்றுத் துணி, ஆதார் நகல், வீட்டாரின் செல்போன் எண், சாப்பிடும் மாத்திரைகள், பழைய மருத்துவச் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

சங்கத்தின் அசல் சோதனை அந்தப் பேருந்தின் படிக்கட்டில் தொடங்குகிறது. இந்த வட்டாரத்தில் இளையவர்கள் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் இருக்கும் பெரியவர், “மகனைக் கேட்காமல் எப்படிப் போவது, ஆட்டை யார் பார்த்துக்கொள்வது” என்று பேருந்தில் ஏறாமல் திரும்பிவிடுவார். அந்த மகனுக்கு அங்கேயே போன் போட்டுக் கொடுத்து, பக்கத்து வீட்டில் ஆட்டுக்குச் சொல்லிவைத்து, அவரை ஏற்றிவிடும் உறுப்பினர்தான் அன்றைய முகாமின் நாயகர். ஒரு மாதம் கழித்து நடக்கும் மறுபரிசோதனைக்கு அவர் வந்தாரா என்று கேட்பதும் அதே உறுப்பினரின் வேலை.

ரத்தம்: ஒரே நாளில் நூறு யூனிட் வேண்டாம்

தலைவரின் பிறந்த நாளில் ஒரே முகாமில் நூறு பேர் ரத்தம் கொடுத்தார்கள் என்பது பெருமைப்படத்தக்க செய்திதான். ஆனால் ரத்தத்துக்கு ஆயுள் குறைவு. முழு ரத்தத்தை 35 நாள் வைக்கலாம். சிவப்பணுக்களை மட்டும் பிரித்து ஊட்டக் கரைசலில் வைத்தால் 42 நாள். டெங்கு காலத்தில் தேடப்படும் தட்டணுக்களுக்கு 5 நாள்தான். ஒரே நாளில் குவிவதைவிட, ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வந்துகொண்டே இருப்பதுதான் ரத்த வங்கிக்கு உதவும்.

18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் உள்ள ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஆண்களுக்கு மூன்று மாத இடைவெளி, பெண்களுக்கு நான்கு மாத இடைவெளி வேண்டும். காசுக்கு ரத்தம் விற்பதை 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு 1998 தொடக்கத்திலிருந்து தடுத்துவிட்டது. இப்போது நம்பிக்கை முழுவதும் மனமுவந்து கொடுப்பவர்கள் மீதுதான். மொரப்பூரில் ஒரு சங்கம் செய்யக்கூடிய பெரிய உதவி, ரத்த வகை வாரியாக ஒரு பட்டியல் வைத்திருப்பது. யார் கடைசியாக எப்போது கொடுத்தார், அடுத்து எப்போது கொடுக்கலாம் என்பது அதில் இருக்க வேண்டும். நள்ளிரவில் தருமபுரி அரசு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தால், அந்தப் பட்டியல்தான் பேசும்.

தருமபுரிக்கே உரிய வேலை: புளோரைடு

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் செய்யக்கூடிய முகாம்களைத் தாண்டி, இந்த மாவட்டத்துச் சங்கங்களுக்கென்றே ஒரு கடமை இருக்கிறது. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த மாவட்டம் இது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை விழும். நீண்ட காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். இதற்காகவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட அந்தத் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது.

ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் வீட்டார் போவது ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. கொதிக்கவைப்பதால் புளோரைடு போகாது; நீர் சுண்டினால் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

பல் முகாமை உயர்நிலைப் பள்ளியில் வைத்தால் கறையை எண்ணலாம், தடுக்க முடியாது. நிலைத்த பற்களின் எனாமல் உருவாவது சுமார் எட்டு வயதுக்குள். அதன் பிறகு கறை தானாக மறையாது. ஆகவே அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும் குழந்தைகள் குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஒவ்வொரு ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரையும் குடிநீர் வாரியத்தின் ஆய்வகத்தில் சோதித்து, அளவு மீறிய இடத்தில் ‘குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்’ என்று எழுதிவைக்கப் பெரிய நிதி தேவையில்லை, உழைப்புதான் வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வாங்கிக் கொடுப்பது படத்துக்கு அழகு. ஆனால் அதன் சவ்வை மாற்றவும் மின்கட்டணம் கட்டவும் ஏற்பாடு இல்லாவிட்டால், அது வகுப்பறை மூலையில் துருப்பிடித்து நிற்கும்.

முடிவு வரை போனால் என்ன நடக்கும்?

விடாப்பிடியாகச் செய்த ஒரு வேலைக்கு உலகமே சாட்சி சொல்லும் உதாரணம் போலியோ. ரோட்டரி 1985-ல் அதைக் கையிலெடுத்தது. இந்தியாவில் 1990-களின் நடுவில் தொடங்கிய போலியோ சொட்டு மருந்து ஞாயிறுகளில் அரசு சுகாதாரப் பணியாளர்களோடு சங்க உறுப்பினர்களும் நின்றார்கள். சொட்டு மருந்து போட்ட குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வீடு வீடாகப் போய், மை இல்லாத விரல்களைத் தேடினார்கள். பயணத்தில் இருக்கும் குழந்தைகளுக்காகப் பேருந்து நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் மையம் அமைத்தார்கள். நாட்டின் கடைசி பாதிப்பு 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தில் பதிவானது. 2014 மார்ச் 27-ல் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதியாக அறிவிக்கப்பட்டது. வெற்றியைத் தந்ததில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைவிடத் திங்களன்று தேடிப்போன கால்களுக்கே பங்கு அதிகம்.

வரும் மாதங்களில் எதை எதிர்பார்க்கலாம்?

ஆகஸ்ட் 25 – செப்டம்பர் 8: தேசியக் கண் தான இருவாரம். இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதால், தகவல் சொல்லும் ஏற்பாடு முக்கியம்.

செப்டம்பர்: ரோட்டரியின் எழுத்தறிவு மாதம். ஆசிரியர் நாளையொட்டி நல்லாசிரியர்களுக்குப் பாராட்டு.

அக்டோபர் 1: தேசியத் தன்னார்வ ரத்த தான நாள். இரண்டாம் வியாழன், உலகப் பார்வை நாள். 24-ம் தேதி, உலகப் போலியோ நாள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மரக்கன்று நடவு.

நவம்பர் 14: உலக நீரிழிவு நாள், சர்க்கரைப் பரிசோதனை முகாம்கள்.

ஜனவரி: தொழில் சேவை மாதம். பிளஸ் டூ மாணவர்களுக்கு மேற்படிப்பு வழிகாட்டல் கேட்க ஏற்ற நேரம்.

மார்ச்: தண்ணீர் மாதம். புளோரைடு சோதனைக்கு இதைவிடப் பொருத்தமான தருணம் இல்லை.

ஏப்ரல், மே: நீர்மோர்ப் பந்தல், நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர்.

ஜூன் 14: உலக ரத்தக் கொடையாளர் நாள். பள்ளி திறப்பு உதவிகள், ஆண்டுக் கணக்கு முடிப்பு.

யார் சேரலாம், என்ன கேட்கலாம்?

முதலாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் மட்டுமே இந்தச் சங்கங்கள் என்ற எண்ணம் பழையது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1987 தீர்ப்புக்குப் பிறகு, 1989-ல் ரோட்டரி உலகெங்கும் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. லயன்ஸ் 1987-லேயே திறந்தது. மகளிர் குழுக்களை நடத்திப் பழகிய பெண்கள் நிறைந்த மாவட்டம் இது. அவர்கள் உறுப்பினரானால் சங்கத்தின் கணக்கும் தொடர்பும் ஒரே ஆண்டில் உருப்படும். பள்ளி மாணவர்களுக்கு இன்டராக்ட், இளைஞர்களுக்கு ரோட்டராக்ட், லியோ அமைப்புகள் இருக்கின்றன.

மொரப்பூர், பஞ்ச காலத்தில் தானியம் கொண்டுசெல்லும் நோக்கோடு 1906-ல் தருமபுரிக்குச் சிறிய ரயில் பாதை போடப்பட்ட ஊர். அரூர்ப் பக்கத்துச் சுற்று வட்டாரத்துக்கு இன்றும் ரயிலடி இதுதான். கடைக்காரர், ஆசிரியர், ரயில்வே ஊழியர், மருந்துக்கடைக்காரர், விவசாயி என்று 20 பேர் இங்கே கிடைக்காமல் போக மாட்டார்கள். அவர்கள் ஓராண்டில் முப்பது நிகழ்ச்சி நடத்த வேண்டியதில்லை. மறுபரிசோதனை வரை போன ஒரு கண் முகாம், மாதாமாதம் புதுப்பிக்கப்படும் ஒரு ரத்தக் கொடையாளர் பட்டியல், ஒன்றியத்தின் எல்லா அங்கன்வாடிகளுக்கும் குடிநீர்ச் சோதனை. இந்த மூன்றையும் முடித்து, எத்தனை பேருக்குப் பார்வை வந்தது, எத்தனை யூனிட் ரத்தம் போனது, எந்தக் கிணற்று நீர் குடிக்கத் தகாதது என்ற கணக்கை ஜூன் மாதம் ஊர் முன்னால் வைக்கட்டும். அடுத்து வரும் தலைவர் அந்தக் கணக்கிலிருந்து வேலையைத் தொடரட்டும். அப்படிக் கணக்குக் காட்டும் சங்கத்துக்கு நன்கொடை கேட்டு அலைய வேண்டிய அவசியம் இருக்காது, ஊரே கொடுக்கும்.