காதுக்குள் 'கொய்ங்' என்கிறதா?



பட்டாசு பக்கத்தில் வெடித்த பிறகோ, கச்சேரியில் ஒலிபெருக்கி அருகே நின்ற பிறகோ காதுக்குள் 'கொய்ங்' என்று இரைச்சல் கேட்கிறதா? உட்காதில் நத்தைக்கூடு வடிவ உறுப்பில் உள்ள நுண்ணிய மயிரிழைச் செல்கள் பேரொலியில் துவண்டுபோனதன் அடையாளம் அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

அதுவரை காதுக்கு ஓய்வு கொடுங்கள். இயர்போன் வேண்டாம். எண்ணெய் விடாதீர்கள், பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். இரவு அமைதியில் இரைச்சல் கூடுதலாகத் தெரியும். மின்விசிறியை ஓடவிட்டோ, மெல்லிய இசையை வைத்தோ படுத்தால் கவனம் விலகும்.

அப்படியும் குறையாவிட்டால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று காது கேட்காமல் போனாலோ, தலை சுற்றினாலோ, காதில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே போய்விடுங்கள். தாமதித்தால் சிகிச்சையின் பலன் குறையும்.

நாளொன்றுக்கு 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், 100 டெசிபலுக்கு வரம்பு 15 நிமிடம்தான். அழிந்த மயிரிழைச் செல்கள் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. அடுத்த முறை ஒலிபெருக்கியை விட்டுத் தள்ளியே நில்லுங்கள், காதடைப்பானும் போட்டுக்கொள்ளுங்கள்.