ஆபரேஷன் முடிந்த இரவில் உளறினால் நர்ஸைக் கூப்பிடுங்கள்

கடலூர் மாவட்டம் மங்கலம்பேட்டையில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி ஜிப்மர் என்று எங்காவது கொண்டுபோய் ஆபரேஷன் செய்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். இரண்டாம் நாள் இரவு டிரிப்ஸைப் பிடுங்குகிறார், மகளைப் பார்த்து "நீ யாரும்மா?" என்கிறார். உறவினர் ஒருவர் மந்திரித்த கயிறு வாங்க ஓடுகிறார். இன்னொருவர் "மயக்க ஊசி மூளையைக் கெடுத்துடுச்சு" என்று டாக்டரிடம் மல்லுக்கு நிற்கிறார். வார்டு ஊழியரோ "வயசானா அப்படித்தான்" என்று கையைக் கட்டிலோடு கட்டிவிட்டுப் போகிறார்.

இந்தத் திடீர்க் குழப்பத்துக்குப் பெயர் டெலிரியம். பைத்தியமல்ல. வலி, சிறுநீர் அடைப்பு, நீர் வற்றல், சோடியம் குறைவு, நிமோனியா, தினமும் குடித்தவருக்குக் குடி திடீரென நின்றது என ஏதாவது காரணம் பின்னால் இருக்கும். கத்துகிறவரையாவது கவனிப்பார்கள், சுருண்டு கிடப்பவரை 'நல்லா தூங்குறார்' என்று விட்டுவிடுவது பேராபத்து.

இதில் கணிசமான பகுதி தடுக்கக்கூடியது. 1999இல் அமெரிக்காவின் யேல் மருத்துவர்கள், பொது மருத்துவ வார்டில் இருந்த 852 முதியவர்களில் பாதிப் பேரிடம் கண்ணாடி, காது மிஷின், தண்ணீர், தூக்கம், நடமாட்டம் போன்றவற்றைக் கவனித்தார்கள்; வழக்கமான கவனிப்பில் இருந்த மற்றவர்களில் 15 சதவீதமாக இருந்த குழப்பம் இவர்களில் 9.9 சதவீதம்தான். புது மருந்து எதுவுமில்லை. நம்மவர்களோ, தொலைந்துவிடும் என்று கண்ணாடியையும் பல்செட்டையும் மஞ்சப்பையில் போட்டு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள்!

ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் பார்க்கும் நாளில், நாட்டு மருந்து உட்பட எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோங்கள். முன்பே மறதி உண்டா, காது கேட்குமா, குடிப்பாரா, போன ஆபரேஷனில் உளறினாரா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, கேஸ் ஷீட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கௌரவம் பார்த்துக் குடியை மறைக்காதீர்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம், வழக்கமாகப் போடுவதைச் சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம். இரவில் பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். குழப்பம் தெரிந்தவுடனே நர்ஸிடம் "நேற்று வரை இப்படி இல்லை" என்று சொல்லுங்கள். மறுபடியும் சொல்கிறோம்: நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுக்க வேண்டாம்.

வீடு திரும்பும்போது மருத்துவ ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள்; எந்த ஊசி போட்டார்கள் என்பது அடுத்த டாக்டருக்குத் தேவை. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. வாயால் கேட்டால் "அப்புறம் வாங்க" என்றுதான் பதில் வரும், எழுத்தில் கொடுங்கள். கடலூர் மாவட்ட மருத்துவமனை தராவிட்டால் கடலூரில் உள்ள நலப்பணிகள் இணை இயக்குநருக்கு மனு போடுங்கள். மனு நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.