மகளுக்கு மட்டும் சொன்னால் போதாது

பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2025 மே 13 அன்று, குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது கோவை மகளிர் நீதிமன்றம். பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடும் அறிவித்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை.

அந்தக் குற்றம் நடந்த விதம் எல்லா வீட்டுக்கும் தெரிய வேண்டும். முதலில் பெண்களிடம் பழகினார்கள், நம்பவைத்தார்கள். தனியாக அழைத்துப்போய் அத்துமீறி, அதைக் கைபேசியில் படம் பிடித்தார்கள். பிறகு அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டினார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், அவசரமாகக் கல்யாணம் முடித்துவிடுவார்கள் என்று ஒரு பெண் பயப்படும்வரை இப்படிப்பட்ட மிரட்டல் பலிக்கும். 2019 பிப்ரவரியில் ஒரு மாணவி வீட்டில் வாய்திறந்தார். குடும்பம் அவர் பக்கம் நின்று புகார் கொடுத்தது. அதன்பிறகே எல்லாம் வெளியே வந்தது. அவர் பெயரைக் காவல் அதிகாரியே செய்தியாளர்களிடம் வெளியிட்டது மன்னிக்க முடியாத செயல். அதற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் விழிப்புணர்வுக் கூட்டங்களில் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் புத்திமதி. பையன்களிடம் யார் பேசுவது? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஐந்தாண்டு ஆய்வு நடந்தது. அவற்றில் பாதிப் பள்ளிகளுக்கு ‘கிரீன் டாட்’ என்ற பயிற்சி கொடுத்தார்கள். அதில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: கூட இருக்கும் நண்பன் தவறு செய்யப் போகிறான் என்று தெரிந்தால் நேரே தடுக்கலாம்; பயமாக இருந்தால் ஆசிரியரைக் கூப்பிடலாம்; எதையாவது பேசி அவன் கவனத்தைத் திருப்பலாம். பயிற்சி நடந்த பள்ளிகளில் பாலியல் வன்முறை குறைந்தது. நம் கல்லூரிகளுக்கும் இது அவசரத் தேவை.

மிரட்டல் வந்தால் பணம் கொடுக்காதீர்கள், வந்த செய்திகளை அழிக்காதீர்கள். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்; எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும்.

பெற்றோரே, என்ன நடந்தாலும் திட்டமாட்டோம், எங்களிடம் வா என்று மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். யாருடைய அந்தரங்கப் படமாவது கைபேசிக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாதே, எங்களிடம் சொல் என்று மகனிடமும் சொல்லுங்கள்.