சிகரெட் தொடாதவர்களின் வாயில் புகையிலை

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்த்து மடித்துக் கடைவாயில் அடக்கிக்கொள்ளும் பாட்டியிடம், ‘புகையிலைப் பழக்கம் உண்டா?’ என்று மருத்துவர் கேட்டால், ‘அதெல்லாம் கிடையாது சாமி’ என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. பீடி, சிகரெட் பிடிப்பதைத்தான் பழக்கம் என்கிறோம். வெற்றிலை போடுவது சாப்பாட்டோடு சேர்ந்த காரியம். இரவு லாரி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்கப் பாக்கெட் புகையிலையை உதட்டுக்குள் வைத்துக்கொள்ளும் இளைஞரும் தன்னைப் பழக்கக்காரர் என்று எண்ணுவதில்லை.

2016–17இல் நாடு முழுவதும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பு சொல்வது வேறு. 15 வயதைக் கடந்த இந்தியர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம். புகையிலையை மெல்பவர்கள், வாயில் அடக்குபவர்கள் 21.4 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு.

இந்த இலைக்கு நம்மைப் பாதிக்க நெருப்பு வேண்டியதில்லை. கத்தரி, தக்காளி, மிளகாய் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. பூச்சிகளிடமிருந்து தப்பிக்க அது தயாரிக்கும் விஷம்தான் நிகோடின். வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. புழு கடிக்கத் தொடங்கினால் வேர் இன்னும் அதிகமாகத் தயாரிக்கிறது. திண்டுக்கல், வேதாரண்யம் பக்கத்து விவசாயிகள் பூக்கும் பருவத்தில் செடியின் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். விதைக்குப் போக வேண்டிய சத்து இலைக்குத் திரும்பும், இலை தடிக்கும், நிகோடினும் கூடும். அசுவினிக்குப் புகையிலைக் கரைசல் தெளித்துப் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். அதே இலையைத்தான் மணிக்கணக்கில் கன்னத்தில் ஒதுக்குகிறோம். சுண்ணாம்பு சேரும்போது வாயில் காரத்தன்மை ஏறி, கன்னத்தின் உட்சவ்வைச் சுலபமாகக் கடக்கும் வடிவத்துக்கு நிகோடின் மாறுகிறது. அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய்விடும். ‘இன்னொன்று போடு’ என்று கேட்க வைப்பது அதுதான்.

‘பாட்டன் பூட்டன் காலத்துப் பழக்கம்’ என்ற வாதம் எல்லா ஊரிலும் உண்டு. தாம்பூலம் பழையதுதான், அதில் புகையிலை சேர்ந்தது பின்னால்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடியான இதைப் போர்த்துகீசியர் கப்பலில் கொண்டுவந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்பரின் அவைக்கு வந்த இதை, 1617இல் ஜஹாங்கீர் தடை செய்து பார்த்தார், பலனில்லை. தமிழ்நாட்டில் சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பிப் பாடும் அளவுக்கு அது ஊறிப்போனது. உ.வே.சா. அந்த நூலை 1939இல் பதிப்பித்தார். புற்றுநோய்க்கும் இதற்குமுள்ள தொடர்பு அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும்.

இலையைக் காயவைத்து, அடுக்கிப் புளிக்கவிடும்போதே நைட்ரோசமைன்கள் என்ற நச்சுகள் உருவாகிவிடுகின்றன. இவற்றில் சில புற்றுநோயை உண்டாக்குபவை என்பது உறுதியாகியிருக்கிறது. கூடச் சேரும் பாக்கும் லேசுப்பட்டதில்லை. புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அறிவித்தது. பாக்கு செய்யும் இன்னொரு கெடுதல், கன்னத்தின் உட்தசையை நாராக இறுகவைப்பது. முதலில் ரசம்கூட வாயில் எரியும், காரம் தாங்காது. போகப் போக வாயைத் திறக்க முடியாது. இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வைத்து, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைந்தால் சரி. இரண்டோடு நின்றுவிட்டால் பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மாதம் ஒருமுறை கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பார்ப்பதும் அவசியம். கன்னத்தின் உட்பக்கம், நாக்கின் இரு ஓரங்கள், கீழ் உதட்டின் உள்பகுதி. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், தடிப்பு, இவற்றில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். ஆரம்பத்தில் வலிக்காது, அதனால்தான் பலர் தாமதித்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் பிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம். அரசு மருத்துவமனையிலேயே காட்டலாம். புற்றுநோய் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது.

வாயில் போடாமலேயே பாதிக்கப்படுகிறவர்கள் இன்னும் கவனிப்பாரற்றவர்கள். பனி ஈரத்தோடு இலை ஒடிக்கும் கூலித் தொழிலாளிக்கு அன்று மாலையே தலைசுற்றலும் வாந்தியும் வரும். வெயில் என்று நினைத்துப் படுத்துவிடுவார். தோல் வழியே ஏறிய நிகோடின் அது. முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டு, ஈரம் காய்ந்தபின் வேலையில் இறங்கினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். திருநெல்வேலி, தென்காசி வீடுகளில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கும் கையிலும் மூச்சிலும் தூள் ஏறுகிறது. திண்ணை மாதிரிக் காற்றோட்டமான இடத்தில் சுற்றுவதும், பிள்ளைக்குச் சோறூட்டும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், தூளைக் குழந்தைக்கு எட்டாமல் மூடிவைப்பதும் முக்கியம். குழந்தை அதை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இந்தப் பெண்களுக்கு ஓர் உரிமையும் உண்டு. வீட்டிலிருந்து சுற்றினாலும் அவர்கள் வருங்கால வைப்பு நிதிக்கு உரிய தொழிலாளர்களே என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ‘வீட்டில் சுற்றுகிறவர்களுக்கு பி.எஃப். கிடையாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைக்காரருக்கும் சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது ஆகாதவருக்கு எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது; பள்ளி, கல்லூரியிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது. சிறுவருக்குக் கொடுத்தால் 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ‘அப்பாவுக்குத்தான்’ என்று சொல்லிப் பையனைக் கடைக்கு அனுப்பும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகையிலை கலந்த பற்பொடி 1992இலிருந்தே நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. குட்காவுக்கும் புகையிலை கலந்த பான்மசாலாவுக்கும் தமிழகம் 2013இல் தடை விதித்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்ய, சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. பள்ளிப் பக்கத்துப் பெட்டிக்கடையில் விற்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ எழுதிக் கொடுக்கலாம்.

விட நினைப்பவர்களுக்கு: முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் வரும். சில வாரங்களில் அடங்கும். ஏக்கம் எழுந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நிமிடங்களைக் கடக்க ஏலக்காய், சோம்பு, கிராம்பு போதும். மருத்துவரைக் கேட்டு நிகோடின் சூயிங்கமும் எடுத்துக்கொள்ளலாம். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் ஆலோசகர் பேசுவார், அந்த எண் புகையிலைப் பொட்டலத்திலேயே இருக்கிறது. புகையிலையை விட்டுவிட்டு வெறும் பாக்குக்கோ, ‘புகையிலை இல்லை’ என்று விற்கும் பான்மசாலாவுக்கோ மாறாதீர்கள். அவற்றிலும் இருப்பது அதே பாக்குதான்.