மேடைச் சொல் – 9: நீதிபதியை மாற்றிய பேச்சு

பேசுபவரின் குணம், கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தருக்கம் என்று அரிஸ்டாட்டில் பிரித்த மூன்றையும் சென்ற வாரம் பார்த்தோம். ஏட்டில் அவை தனித்தனியாக நிற்கும். மேடையிலோ ஒன்றின் வேடத்தை இன்னொன்று போட்டுக்கொண்டு வரும். 1952 செப்டம்பர் 23 அன்று ரிச்சர்ட் நிக்சன் பேசிய அரைமணி நேரம் அப்படிப்பட்டது.

அப்போது அவருக்கு 39 வயது. கலிஃபோர்னியா செனட்டர், அதிபர் வேட்பாளர் ஐசன்ஹோவரோடு சேர்ந்து குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளர். அவருடைய அரசியல் செலவுகளுக்குப் பணக்கார ஆதரவாளர்கள் சுமார் 18,000 டாலர் திரட்டிக் கொடுத்திருந்த செய்தியை ஐந்து நாள் முன்னதாக ‘நியூயார்க் போஸ்ட்’ வெளியிட்டது. ஊழலை ஒழிப்போம் என்று ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கட்சிக்கு இது பெரிய தலைவலி. ஆளை மாற்றுங்கள் என்று கட்சிக்குள்ளேயே குரல் எழுந்தது. ஐசன்ஹோவர் பிடிகொடுக்கவில்லை. நிக்சன் பதில் சொல்வதற்காகக் கட்சி 75,000 டாலர் கட்டி தொலைக்காட்சி நேரத்தை வாங்கியது. சுமார் 6 கோடிப் பேர் பார்த்தார்கள்.

இன்று அந்தப் பேச்சுக்கு ஒரு நாயின் பெயர்தான் நிலைத்திருக்கிறது: செக்கர்ஸ். டெக்சாஸ்காரர் ஒருவர் அனுப்பிய நாய்க்குட்டி, பிள்ளைகள் அதன்மேல் உயிராக இருக்கிறார்கள், யார் என்ன சொன்னாலும் திருப்பித் தரப்போவதில்லை என்றார் நிக்சன். எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில் அதிபர் ரூஸ்வெல்ட் தன் நாய் ஃபாலாவை வைத்து நிக்சனின் கட்சியைக் கேலி செய்து கைதட்டல் வாங்கியிருந்தார். எதிராளியின் ஆயுதத்தையே எடுத்து வீசினார் நிக்சன். ஆனால், செக்கர்ஸைப் பற்றி யாருமே புகார் சொல்லியிருக்கவில்லை. கேட்காத கேள்விக்கு வீரமாகப் பதில் சொல்வதில் ஒரு வசதி: மறுத்துப் பேசுபவன் குழந்தைகளின் நாயைப் பறிக்க வந்தவனாகிவிடுவான்.

எனக்கு நாயைவிட வீட்டுக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. வாஷிங்டன் வீட்டின் விலை 41,000 டாலர், அதில் இன்னும் 20,000 கடன்; பெற்றோரிடம் வாங்கிய 3,500 டாலருக்கு 4 சதவீத வட்டி; ஓட்டுவது 1950 மாடல் ஓல்ட்ஸ்மொபைல். எல்லாம் எண்கள், பார்வைக்குத் தருக்கம். செய்த வேலையோ முழுக்க உணர்ச்சியின் வேலை. தவணை கட்டுகிற ஒவ்வொரு குடும்பமும் ‘இவர் நம்ம ஆள்’ என்று நினைத்திருக்கும். அருகில் மனைவி பாட் அமர்ந்திருந்தார். அவரிடம் விலை உயர்ந்த மிங்க் ரோமக் கோட்டு இல்லை, சாதாரணத் துணிக் கோட்டுதான் என்றார் நிக்சன். அப்போதைய அதிபர் ட்ரூமன் ஆட்சியின் ஊழல் புகார்களில் மிங்க் கோட்டு ஒன்று அடிபட்டதை ஊரே அறியும். மனைவியைப் புகழ்வதுபோல் எதிர்க்கட்சிக்கு ஒரு குத்து! எதிரணியின் துணை அதிபர் வேட்பாளர் ஸ்பார்க்மன் தன் மனைவியை அலுவலகச் சம்பளப் பட்டியலில் வைத்திருப்பதையும் எடுத்துச் சொல்லிவிட்டு, அதைக் குறை சொல்லவில்லை என்றார். குறை சொல்லாமலே குறை பதிந்துவிட்டது.

பணம் கொடுத்தவர்களுக்குப் பதிலுக்கு என்ன கிடைத்தது என்பதே மூலக் கேள்வி. யாருக்கும் சலுகை காட்டவில்லை என்று வாக்குமூலம் தந்தார். கணக்காய்வாளர், வழக்கறிஞர் அறிக்கைகளைக் காட்டியது வேறொன்றுக்கு: பணத்தைத் தன் சொந்தச் செலவுக்கு எடுக்கவில்லை, சட்டத்தை மீறவில்லை என்பதற்கு. ஆதாரம் ஒரு கேள்விக்கு, வெறும் வார்த்தை இன்னொரு கேள்விக்கு. கேட்டவர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில்தான் உண்மையான சாமர்த்தியம். தீர்ப்பு ஐசன்ஹோவர் கையில் இருந்தது. நிக்சனோ, நான் விலகவா இருக்கவா என்று கட்சியின் தேசியக் குழுவுக்கு எழுதுங்கள் என நேயர்களைக் கேட்டுக்கொண்டார். அரைமணி நேரம் உருக்கியது இதற்காகத்தான். நேரம் முடிந்துபோனதால் குழுவின் முகவரியைச் சொல்ல முடியவில்லை. இருந்தும் தந்திகள் குவிந்தன. ஐசன்ஹோவர் அவரையே வைத்துக்கொண்டார். நவம்பரில் இருவரும் ஜெயித்தார்கள்.

அடுத்த வாரம்: அதே நிக்சன், அதே தொலைக்காட்சி, 1960. எதிரே கென்னடி.